புதுப்பாளையம் ஆசிரமத்து ராஜாஜி



இப்பத்திரிகையில் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரத்தை வாசிப்பது உங்களுக்குப் பழக்கம். இந்த வாரம் நம் திருச்சபையைச் சேராத ஒரு பெரியவரின் சரித்திரத்தைச் சொல்ல முன்வருகிறோம். இது முறையா என்று யாரும் ஐயப்பட வேண்டாம். எரிக்கோவுக்குப் போகும் வழியில் கள்ளர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனைக் குருவும் லேவியனும் கண்டும் காணாமல் போனார்கள். யூதர்கள் ஒதுக்கி வைத்த சமாரியனோ நின்று, காயங்கட்டி, தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தான். அவனைத்தான் சேசுநாதர் நமக்கு மாதிரியாகக் காட்டினார். ஆகையால் நல்ல காரியத்தை யார் செய்தாலும் அதை மதித்துக் கற்றுக்கொள்வது கிறிஸ்தவனுக்கு அழகேயாகும்.

நாம் சொல்லப்போகிறவர், ராஜாஜி என்று நாடெங்கும் பெயர்பெற்ற சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். கவர்னர் ஜெனரலாக இருந்தவர் என்றும், இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் எளிய தமிழில் எழுதியவர் என்றும் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஆனால் அவர் தம் வாழ்நாளில் பல ஆண்டுகளை நம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு குடிசையில் இருந்து கழித்தார் என்பதும், குடியினால் கெட்ட குடும்பங்களைக் கைதூக்கிவிடப் பிரயாசைப்பட்டார் என்பதும் நம்மவரில் பலருக்குத் தெரியாது. இன்றைக்கும் குடியினால் அழுகிற வீடுகள் நம் நடுவில் இருக்கிறபடியால், இந்தச் சரித்திரம் நமக்குப் பிரயோசனமானது.

பிறப்பும் தொழிலும்

ராஜாஜி 1878ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அக்காலத்துச் சேலம் ஜில்லாவைச் சேர்ந்த ஓசூருக்குப் பக்கத்திலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் அவ்வூர் முன்சீப். ஓசூரிலும் பெங்களூரிலும் படித்து, சென்னையில் சட்டம் கற்று, 1900ஆம் ஆண்டு சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். குற்ற வழக்குகளில் வாதாடுவதில் சமர்த்தர் என்று பெயர் வாங்கிக் கை நிறையச் சம்பாதித்தார். ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனால் அவருக்கு நாற்பது வயது நிறையுமுன்னே மனைவி இறந்துபோனார். அவர் மறுமணம் செய்யவில்லை. தாயில்லாத பிள்ளைகளைத் தாமே வளர்த்தார். 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராக இருந்தார்.

இப்படி உயர்ந்துகொண்டிருந்தவர், காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு வக்கீல் தொழிலை அடியோடு விட்டுவிட்டார். 1921ஆம் ஆண்டு டிசம்பரில் சிறைப்பட்டு வேலூர்ச் சிறையில் சில மாதம் இருந்தார்.

அந்தக் காலத்தில் நம் ஜனங்கள் குடித்த கள்ளும் சாராயமும் எப்படி விற்கப்பட்டன என்பதை இங்கே அறிய வேண்டும். கடை நடத்தும் உரிமையைச் சர்க்கார் ஏலம் போடும். அதிகத் தொகை கேட்டவர் கடையை எடுப்பார். போட்ட பணத்தை மீட்க வேண்டுமானால் ஜனங்கள் மேலும் மேலும் குடிக்க வேண்டும். இவ்விதமாக ஏழையின் வாய்வழியே கஜானா நிரம்பியது. 1921ஆம் ஆண்டில் காங்கிரஸார் கடைகளுக்கு முன் மறியல் செய்தார்கள். காவிரிக்கு அக்கரையில், ஈரோட்டில், பெரியார் ஈ. வெ. ராமசாமி அதற்கு முன்நின்றார். கள் இறக்க உதவுகிறதென்று தம் தோப்பிலிருந்த தென்னைகளையே வெட்டச் செய்தார். அவர் சிறைப்பட்டபோது அவருடைய மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலை நடத்தினார்கள். வீட்டுக்கு வெளியே வந்து பழகாத பெண்கள் கள்ளுக்கடை வாசலில் நின்றதைப் பார்த்து ஊரே வியந்தது. குடியின் பாரத்தைச் சுமப்பவர்கள் பெண்களே. ஆகையால் அவர்கள் நாலு பேராகச் சேர்ந்து நின்றதில் ஒரு நியாயமும் இருந்தது, ஒரு பலமும் இருந்தது.

புதுப்பாளையத்துக் குடிசை

மறியலால் ஒரு கடையை ஒரு நாள் மூடலாம். மறுநாள் அது திறக்கும். குடிக்கிறவன் மனமும், அவன் வீட்டு நிலைமையும், அவன் கூட்டாளிகளும் மாறாவிட்டால், இந்தக் கடை மூடினால் அந்தக் கடைக்குப் போவான். இதை உணர்ந்த ராஜாஜி, நகரத்தை விட்டுக் கிராமத்துக்கே குடிபோகத் தீர்மானித்தார். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில், அவ்வூர் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் கொடுத்த நிலத்தில், 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் தேதி காந்தி ஆசிரமம் தொடங்கியது. அந்த ஆண்டிலேயே காந்தியடிகளும் அங்கே வந்து பார்த்தார்.

ஆசிரமம் என்றவுடன் பெரிய கட்டடங்களை நினைக்க வேண்டாம். குடிசைகள்தாம். பெரிய வக்கீலாக வாழ்ந்தவர் தம் பிள்ளைகளுடன் அக்குடிசையில் வந்து தங்கினார். எல்லாச் சாதியாரும், தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்டவர்களும், அங்கே ஒன்றாக இருந்தார்கள். அதற்காக ஊராரில் சிலர் முகம் சுளித்தபோதும் அவர் பின்வாங்கவில்லை.

அங்கே நடந்த வேலைகளில் முதலாவது நூல் நூற்பு. மழை பொய்த்துக் காடு கழனி காய்ந்த காலம். சுற்றுக் கிராமத்துப் பெண்கள் வெகுதூரம் நடந்து, நூற்ற நூலைக் கொண்டுவந்து கொடுத்து, பஞ்சும் கூலியும் வாங்கிச் செல்வார்கள். கூலி சில அணாக்கள்தான். ஆனால் அந்தக் காசு பெண்ணின் கையில் நேராக விழுந்தது. புருஷன் கூலி கள்ளுக்கடையில் கரைந்துபோனாலும், அன்று அடுப்பில் உலை வைக்க அது உதவியது. இரண்டாவது, நோயாளிகளுக்கு மருந்து. மூன்றாவது, குடியை விடும்படி ஜனங்களுக்குப் புத்தி சொல்லுதல்.

ஆசிரமத்தார் தனி மனிதனை மட்டும் பிடித்து உபதேசிக்கவில்லை. ஊரைக் கூட்டிப் பேசினார்கள். பல பேர் ஒன்றாகச் சேர்ந்து குடியை விடும்படி தூண்டினார்கள். இதன் காரணம் எளிது. ஒருவன் தனியாக விட்டால், சாயங்காலம் கூட்டாளிகள் வந்து கூப்பிடுவார்கள், கேலி பேசுவார்கள், கலியாணம், சாவு, திருவிழா என்று ஒரு சாக்கு வரும், அவன் விழுவான். அந்தக் கூட்டாளிகளே கூடச் சேர்ந்து விட்டால், முன்பு இழுத்த அதே கைகள் இப்போது தாங்கும். குடி கற்றுக்கொடுப்பது கூட்டம். குடியை விடச் செய்வதும் கூட்டமே.

1929ஆம் ஆண்டில் ஆசிரமத்திலிருந்து விமோசனம் என்ற மாதப் பத்திரிகை வெளிவந்தது. அது முழுவதும் மதுவிலக்குக்காகவே நடந்த பத்திரிகை. பின்னாளில் புகழ்பெற்ற கல்கி கிருஷ்ணமூர்த்தி அதில் உதவியாசிரியராக ஆசிரமத்தில் தங்கி வேலை செய்தார். கதையும் பாட்டும் படமுமாக, எழுத்து வாசனை குறைந்தவர்க்கும் விளங்கும்படி அதை நடத்தினார்கள். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குத் தொண்டர்களுடன் நடந்துபோய்ச் சிறைப்பட்டார். பத்திரிகையும் நின்றது.

ராஜாஜி எழுதிய கதைகளில் திக்கற்ற பார்வதி என்பது ஒன்று. பாடுபட்டுப் பிழைக்கும் ஓர் இளங்குடும்பம், புருஷனைக் குடி பிடிக்கிறது, கடன் ஏறுகிறது, கடன் கொடுத்தவர்கள் வீட்டுக்குள் நுழைகிறார்கள், மனைவியின் மானத்துக்கே பங்கம் வருகிறது. 1974இல் இது திரைப்படமாகவும் வந்தது. இக்கதைக்கு அவர் வைத்த பெயரையே கவனியுங்கள். குடிகாரனின் பெயரை வைக்கவில்லை. அவன் மனைவியின் பெயரை வைத்தார். அவளுக்கு முன்னே திக்கற்ற என்று சேர்த்தார். போய்ச் சொல்ல ஓர் இடம் இல்லாதவள் என்பது அதன் பொருள். குடிப்பவன் ஒருவன், சுமப்பதோ வீடு முழுவதும் என்பதை அவர் நன்றாய் அறிந்திருந்தார்.

அதே 1925ஆம் ஆண்டில்

ஆசிரமம் தொடங்கிய அதே 1925ஆம் ஆண்டு, ஜூன் 7ஆம் தேதி, தமதிரித்துவத் திருநாளன்று, அயர்லாந்து தேசத்து டப்ளின் நகரத் தெருவில், பூசைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் ஏழைத் தொழிலாளி விழுந்து இறந்தார். அவர் பெயர் மத்தேயு டால்பட். சிறு வயதிலேயே குடிக்கத் தொடங்கி, கூலி முழுவதையும் குடித்து, காலணியையும் விற்றுக் குடித்தவர். 1884ஆம் ஆண்டு, தமக்கு 28 வயதானபோது, ஒரு குருவானவரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்து, குடிப்பதில்லை என்று சபதம் செய்தார். சாகுமட்டும் குடிக்கிறதில்லை என்று அன்று அவர் சபதம் செய்யவில்லை. மூன்று மாதத்துக்குத்தான் செய்தார். அது முடிந்ததும் நீட்டினார். பிறகுதான் ஆயுள் முழுவதற்கும் செய்தார். தினமும் அதிகாலைப் பூசை, பழைய கடன்களைத் தீர்த்தல், கடினமான தவம் என்று 41 வருஷம் ஒரு துளி தொடாமல் வாழ்ந்தார். 1975ஆம் ஆண்டு பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் இவருக்கு வணக்கத்துக்குரியவர் என்ற பட்டத்தை அளித்தார். ராஜாஜியும் இவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களல்லர். ஆயினும் எழ முடியாதென்று உலகம் கைவிட்டவன் எழ முடியும் என்பதற்கு டால்பட் ஒரு சாட்சி. அப்படிப்பட்டவர்களைத் தேடிப் போக வேண்டும் என்பதற்கு ராஜாஜி ஒரு சாட்சி.

சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு

1937ஆம் ஆண்டு ஜூலை மாதம் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். ஆசிரமத்தில் எண்ணியதைச் சட்டமாக்க இப்போது அதிகாரம் கிடைத்தது. அவ்வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி முதல் சேலம் ஜில்லாவில் பூரண மதுவிலக்கு அமலுக்கு வந்தது. இந்த மாகாணத்தில் மதுவிலக்குக் கண்ட முதல் ஜில்லா நம்முடையதே. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் யாவும் அன்று சேலத்தில் அடங்கியிருந்தன. ஆகவே காவிரிக்கரையில் உள்ள நம் ஜேடர்பாளையத்திலும் அன்று கடைகள் அடைபட்டன.

மாகாண வருமானத்தில் ஏறத்தாழக் கால் பங்கு அக்காலத்தில் மதுவிலிருந்தே வந்தது. அதை இழந்தால் பள்ளிக்கூடம் எப்படி நடத்துவது, ஆஸ்பத்திரி எப்படி நடத்துவது என்று பலர் கேட்டார்கள். குழந்தையின் பாலைக் குடித்து வளரும் சர்க்கார் வேண்டாம் என்பதே அவர் எண்ணம். 1939ஆம் ஆண்டில் விற்பனை வரியைக் கொண்டுவந்து நஷ்டத்தை ஈடுசெய்ய வழி தேடினார். கத்தோலிக்கராகிய நாம் இன்னொன்றையும் அறிய வேண்டும். திவ்விய பலிபூசைக்கு வேண்டிய திராட்சை இரசத்துக்குச் சட்டத்தில் இடம் விடப்பட்டிருந்தது. திராட்சை இரசமே பாவம் என்று திருச்சபை போதிக்கவில்லை. கானாவூர்க் கலியாணத்தை நாம் மறக்கக்கூடாது. போசனப்பிரியம் என்னும் தலையான பாவத்துக்கு எதிரான மட்டசனம் என்ற புண்ணியத்தையே திருச்சபை போதிக்கிறது. ஆனால் அளவோடு நிறுத்த முடியாதபடி அடிமைப்பட்டவனுக்கு, முற்றும் விடுவதே மட்டசனம்.

சட்டத்தோடு அவர் நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். சாயங்காலமானால் கள்ளுக்கடையில் கூடிப் பழகியவர்கள், கடை மூடினபின் எங்கே போவார்கள்? இந்தக் கேள்வியைச் சர்க்காரே கேட்டது. கிராமந்தோறும் கமிட்டிகள் அமைந்தன. விளையாட்டு, பஜனை, தேநீர்க் கடை என்று மாலை வேளைக்கு வேறு போக்குகள் ஏற்பட்டன. மிச்சமாகும் காசைச் சேர்த்து வைக்கச் சிக்கன சங்கங்கள் தோன்றின. கள் இறக்கிப் பிழைத்தவர்கள் பட்டினி கிடக்கக்கூடாதென்று, பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்படுத்தப்பட்டன. பல்கலைக்கழகப் பொருளியலார் கிராமங்களுக்கு வந்து குடும்பங்களின் வரவு செலவை விசாரித்தார்கள். கள்ளுக்குப் போன காசு தானியத்துக்கும் துணிக்கும் கடன் தீர்ப்பதற்கும் போனதை அவர்கள் கண்டு எழுதினார்கள். மதுவிலக்குச் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு ஜில்லாக்களுக்கும் பரவியது.

எனினும் குறைகள் இல்லாமற் போகவில்லை. அக்கம்பக்கத்து ஜில்லாக்களிலிருந்து சரக்கு வந்தது. கள்ளச் சாராயம் காய்ச்சுவோர் தோன்றினர். 1939 அக்டோபரில் ராஜாஜியின் மந்திரிசபை ராஜினாமாச் செய்தது. யுத்த காலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. கடைகள் திறந்தன, கிராமக் கமிட்டிகளும் பஜனைகளும் தளர்ந்தன. சட்டத்தின் நிழலில் வளர்ந்தவை சட்டம் போனதும் வாடின.

பிற்கால வாழ்க்கை

அதன்பின் அவர் வகித்த பெரும் பதவிகளை விரிவாய்ச் சொல்ல வேண்டியதில்லை. 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி வரை கவர்னர் ஜெனரல். 1952 முதல் 1954 வரை சென்னை முதலமைச்சர். 1954இல் பாரத ரத்தினம். 1959இல் சுதந்திராக் கட்சியின் ஸ்தாபகர். அவர் செய்த எல்லாவற்றையும் எல்லாரும் ஏற்கவில்லை. பள்ளிகளில் இந்தியைப் புகுத்தியதையும், 1953ஆம் ஆண்டுக் கல்வித் திட்டத்தையும் தமிழ்நாடு கடுமையாக எதிர்த்தது. ஆனால் குடியின் விஷயத்தில் இளமையில் கொண்ட கொள்கையை முதுமை வரையில் அவர் மாற்றவில்லை.

1948ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் காலத்தில், மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971இல் அதைத் தளர்த்தத் தமிழக அரசு முடிவு செய்தபோது, ராஜாஜிக்கு வயது 92. தள்ளாத உடம்போடு அவர் முதலமைச்சர் மு. கருணாநிதியின் வீட்டுக்கு நேரில் போய், வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். அரசியலில் தம்மை எதிர்த்தவர், ஆதரித்தவர் என்று பாராமல், ஏழைப் பெண்களுக்காக ஒரு முதியவர் வாசற்படி ஏறினார். ஆனாலும் அந்த ஆண்டு ஆகஸ்டு முடிவில் மதுவிலக்குத் தளர்ந்தது. 1972ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி, நாம் கிறிஸ்து பிறந்த திருநாளைக் கொண்டாடிய அன்று மாலையில், ராஜாஜி சென்னையில் காலமானார்.

அதற்குப் பின் கடைகள் மூடுவதும் திறப்பதுமாக இருந்து, 2003ஆம் ஆண்டு முதல் சில்லறை விற்பனையையும் அரசின் வாணிபக் கழகமே நடத்தி வருகிறது. சட்டத்துக்குப் புறம்பான சாராயமும் ஒழியவில்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்தினால் 60க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்க முடியாது. கடை இருந்தாலும் ஆபத்து. கடை இல்லாதபோதும் ஆபத்து. ஆகவே சட்டம் எப்படியிருந்தாலும் நிலைத்து நிற்கக்கூடிய ஒன்று வேண்டும்.

நாலு பேர் துணை

அப்படி ஒன்று இருக்கிறது. சேலத்தில் கடைகள் மூடுவதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1935ஆம் ஆண்டு, அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஆக்ரன் நகரில், குடியினால் வாழ்க்கையைப் பாழாக்கிக்கொண்ட இருவர் சந்தித்தார்கள். ஒருவர் பில் வில்சன் என்ற பங்குச் சந்தைத் தரகர். மற்றவர் பாப் ஸ்மித் என்ற ரணவைத்தியர். வைத்தியராலும் மனைவியாலும் திருத்த முடியாத இவர்கள், தம் கதையை ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் சொல்லி, ஒருவரையொருவர் தாங்கியதால் குடிக்காமல் இருக்க முடிந்தது. இதிலிருந்து பிறந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் சங்கம். பெயர் சொல்லாக் குடிநோயாளர் சங்கம் என்று சொல்லலாம். 1939 முதல் ஆக்ரன் நகரிலுள்ள அர்ச். தோமையார் ஆஸ்பத்திரியில் இக்னேசியா என்னும் கன்னிகை அம்மாள், வேறு ஆஸ்பத்திரிகள் வாசலில் விரட்டிய குடிநோயாளரை ஏற்றுப் பராமரித்தார்கள். 1951இல் வில்சனின் மனைவி லோயிஸ், குடிப்பவர்களின் குடும்பத்தார்க்கென்று அல்-அனான் என்ற தனிக் கூட்டங்களை ஒன்று சேர்த்தார். இந்தியாவில் 1957 முதல் இச்சங்கம் நடைபெறுகிறது. 1981இல் மும்பையில் ஜோ பெரேரா என்ற குருவானவர் கிருபா என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். நம் நாட்டில் பல பங்குகளில் கோவில் வளாகத்து அறைகளிலேயே இக்கூட்டங்கள் கூடுகின்றன.

இதன் முறை மிகவும் எளிது. கட்டணம் இல்லை. சாதி, மதம், கட்சி கேட்பதில்லை. அங்கே பேசியதை வெளியே பேசக்கூடாது. தன்னால் முடியாதென்று ஒப்புக்கொண்டு, கடவுளின் துணையைக் கேட்க வேண்டும். தான் அநியாயம் செய்தவர்களுக்கு ஈடு செய்ய வேண்டும். என்றென்றைக்கும் என்று சொல்லாமல், இன்று ஒரு நாள் குடிக்கமாட்டேன் என்று தொடங்க வேண்டும். இது டால்பட்டின் மூன்று மாதச் சபதத்தைப் போன்றது. ஆசிரமத்தார் கிராமத்தைக் கூட்டிச் செய்ததையும் போன்றது. ஆனால் பாவசங்கீர்த்தனத்துக்கு இது பதிலாகாது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கும்.

குடும்பத்தாருக்கும் இதில் பாடம் உண்டு. புருஷன் குடிப்பதற்குத் தானே காரணம் என்று மனைவி நம்பக்கூடாது. வெறியில் இருப்பவனோடு வாதாடிப் பயனில்லை. தெளிந்திருக்கும்போது பேச வேண்டும். அவன் குடிக்கப்பட்ட கடனைக் கழுத்துச் செயினை அடகு வைத்து அடைப்பதும், வேலைக்கு வராததற்கு அவனுக்காகப் பொய் சொல்லுவதும் அன்பு போலத் தோன்றினாலும் அவன் நோயையே வளர்க்கும். அடி உதை இருந்தால், பிள்ளைகளோடு பத்திரமான இடத்துக்குப் போவது பாவமல்ல, கடமை. இவற்றைப் புத்தகத்தில் படித்து ஒருத்தி செய்துவிட முடியாது. அதே துன்பத்தைக் கடந்த இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் தைரியம் வரும்.

மருத்துவரின் உதவியையும் அசட்டை செய்ய வேண்டாம். பல வருஷம் தினமும் மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு முதல் சில நாட்களுக்குள் வலிப்பும் புத்தி மாறாட்டமும் உண்டாகி உயிருக்கே ஆபத்தாகும். ஆகையால் வீட்டில் கட்டி வைத்துத் திருத்துவது தவறு. ஆஸ்பத்திரியில் காட்டி, வைத்தியர் சொற்படி நிறுத்த வேண்டும். கோவிலில் கயிறு கட்டினாலும் சபதம் செய்தாலும், இதை விடக்கூடாது.

நம் கடமை

கப்பர்நாவூமில் திமிர்வாதக்காரன் ஒருவன் இருந்தான். தானாக எழுந்து ஆண்டவரிடம் வர அவனால் முடியாது. நாலு பேர் அவனைத் தூக்கி வந்தார்கள். கூட்டத்தினால் வாசலில் நுழைய முடியாதபோது, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். சேசுநாதர் அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டு அவன் பாவத்தை மன்னித்துக் குணப்படுத்தினார் என்று சுவிசேஷம் சொல்கிறது. தூக்கி வந்த நாலு பேரின் விசுவாசமும் அங்கே கணக்கில் வந்தது என்பதை உற்றுக் கவனியுங்கள்.

நம் ஊர்களிலும் நாலு பேர் என்ற சொல் அடிக்கடி கேட்கிறது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று வெட்கப்பட்டு, எத்தனையோ தாய்மார் வீட்டு அழுகையைத் தலையணைக்குள் அடக்கிக்கொள்கிறார்கள். வெல்ல ஆலையிலும் கரும்பு வெட்டிலும் வாங்கிய வாரக் கூலி வீடு சேராத கதை அடுத்த வீட்டுக்குத் தெரிந்தாலும், அடுத்த வீட்டார் புறணி பேசுகிறார்களே தவிர, உள்ளே வந்து விசாரிப்பதில்லை. செத்தபின் பாடை தூக்க நாலு பேர் தவறாமல் வருகிறோம். உயிரோடு இருக்கும்போது தூக்க வருகிறோமா?

ராஜாஜி நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே. கடையை மூடச் சொல்லிக் கேட்பது நியாயம், கேட்போம். ஆனால் கடை மூடும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு குடிசையும், கொஞ்சம் வேலையும், கூட உட்காரச் சில மனிதரும் இருந்தபோது, சட்டம் வருவதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே அவர் தொடங்கிவிட்டார்.

ஆகவே நம் பங்கில் ஞாயிறு தோறும் மாலையில், ஞானோபதேச அறையைக் குடியை விட விரும்புகிறவர்களுக்குத் திறந்துவிடத் தீர்மானித்திருக்கிறோம். குடியை விட்டு வருஷங்கள் கடந்தவர்கள் நம்மிடையே சிலர் உண்டு. அவர்கள் முன்வந்து உட்கார வேண்டும். புதன்கிழமை ஜெபமாலைக்குப் பின் தாய்மார்களும் வளர்ந்த பிள்ளைகளும் தனியாகக் கூடலாம். பெயர் எழுதப்பட மாட்டாது. பிற மதத்துச் சகோதரரும் தாராளமாக வரலாம். முதல் வாரம் ஒருவர் மட்டும் வந்தாலும் அறை திறந்திருக்கும். வர வெட்கப்படுகிறவரை, பக்கத்து வீட்டார் கூட்டி வரட்டும்.

வியாகுலத் தாயானவள் சிலுவையடியில் தனியாக நிற்கவில்லை. அருளப்பரும் மற்றப் பெண்களும் கூட நின்றார்கள். குடியினால் வியாகுலப்படும் ஒவ்வொரு வீட்டாரோடும் நாமும் நிற்கும் வரப்பிரசாதத்தை அந்தத் தாயின் வேண்டுதலால் சர்வேசுரன் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.